ஜெபத்தில் சொன்னால் சொன்னதாகாது

கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தேன். தென்மேற்கிலிருந்து வருகிற இடவப்பாதி மழை அப்போதுதான் விட்டிருந்தது. லில்லி டீச்சர் வீட்டு ஓட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் முற்றத்து வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. அடுக்களையில் பழம்பொரி எண்ணெயில் வேகிற மணம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்கால வீட்டு ஜெபக்கூட்டம். பாய் விரித்து இருபது பேர் இருந்தோம். பாட்டு முடிந்துவிட்டது. உபதேசியார் வேதப்பகுதியை வாசித்து விளக்கமும் சொல்லி முடித்துவிட்டார். கடைசி ஜெபம் என்னுடையது.

கடைசி ஜெபத்தை ஞானதாஸ்தான் செய்ய வேண்டும் என்று எங்கள் சபையில் யாரும் தீர்மானம் போடவில்லை. ஆனாலும் பாட்டுப் புத்தகத்தை மூடியதும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். நானும் எதிர்பாராதவன் போல ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டு எழுந்து நிற்பேன்.

அன்றைக்கு ஜெபம் எனக்கு நன்றாக வந்தது. தேடாமலே வார்த்தைகள் வந்தன. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சுற்றிலும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முனகல் எழுந்ததும் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் ராஜம் மைனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனி என் நண்பன் வில்சனின் மனைவி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பாயின் ஓரத்தையே பார்த்தபடி இருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னலை யாரோ ஓங்கிச் சாத்தினார்கள்.

பக்கத்து வீடு வில்சனுடையது. அந்த ஜன்னல் அவன் மகன் அஜினுடைய அறை ஜன்னல்.

எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிற ஜெபம்

போன வாரம் இந்தத் தொடரில், கருங்கல் ஊர்ச் சந்தை நாளில் மீன்கூடைக்காரப் பெண்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு அம்மா, இவ்வளவு வாய் உள்ள ஆள் சர்ச்சில் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டிருந்தார். சர்ச்சில் இதைவிட மோசம் அம்மா. பஸ்ஸிலாவது இறங்குகிறவர்கள் இறங்கிப் போகலாம்.

முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவன் நான். தக்கலையில் ஏறி தேங்காய்ப்பட்டணத்தில் இறங்குவது வரைக்கும் எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார், எந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்போது பரீட்சை, யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்கு அரபு நாட்டிலிருந்து ஆள் வருகிறது என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. கடைசி இருக்கை வரைக்கும் கேட்கிற குரலும் உண்டு. ரிட்டயரான பிறகு இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜெபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

என் ஜெபம் தெருவின் முதல் வீட்டில் புறப்படும். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். அந்த வீட்டாரின் பெயர், அவர்களுடைய கஷ்டம், அந்தக் கஷ்டம் தொடங்கிய மாதம், பார்க்கிற டாக்டர், கட்டுப்போட்டது வலது காலா இடது காலா என்பது வரைக்கும் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போகும். என் வீட்டுக்காரி லீலாவுக்கு இதில் நிரம்ப மனத்தாங்கல் உண்டு. நான் எழுந்து நின்றாலே சாயா ஆறிப் போகும் என்று முகத்துக்கு நேரே சொல்வாள்.

டெப்போவில் டைம் கீப்பராக இருந்த தாணு பிள்ளை சொன்னதையும் எழுதிவிடுகிறேன். பூதப்பாண்டிப் பக்கம் வயல் உள்ள குடும்பம், நெற்றி நிறையத் திருநீறு. எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து நான் ஜெபித்ததை ஒரு முறை ரோட்டில் நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "ஓய், உங்க ஆண்டவருக்கு வீட்டு விலாசமெல்லாம் நீரு சொல்லித்தான் தெரியணுமா வேய்?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று சுவிசேஷத்தில் தெளிவாக இருக்கிறது. அதைத் திருநீறு பூசின ஒருவர் எனக்குச் சொல்லும்படி ஆகிவிட்டது.

வில்சன் ஜெபிக்கிற விதம்

வில்சன் என் டிரைவர். ஒரே வண்டியில் பதினெட்டு வருஷம் ஓடியிருக்கிறோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் என்றாலும் முதல் நாளிலிருந்தே லே போட்டுத்தான் பேச்சு. வீடும் ஒரே தெருவில்தான், இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஊதினால் கேட்கிற தூரத்தில்.

அவன் சபையில் வாய் திறந்து ஜெபித்து நான் கேட்டதில்லை. காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து ஒரு விநாடி கண்ணை மூடுவான். பிறகு சாவியைத் திருப்புவான். அந்த ஒரு விநாடியில் என்ன ஜெபிப்பாய் என்று ஒரு நாள் கேட்டேன். "ஒண்ணும் இல்லலே. ஏறியாச்சுன்னு சொன்னேன்" என்றான்.

எனக்கு அது போதாதென்று பட்டது. இது என்ன ஜெபம், கர்த்தருக்கு அட்டெண்டன்ஸ் கொடுக்கிற மாதிரி என்று அவனைக் கேலி செய்வேன். பதினெட்டு வருஷத்தில் எங்கள் வண்டி ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை

லில்லி டீச்சர் வீட்டுக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், நாங்கள் இருவரும் குளத்தங்கரை வழியாக நடந்துகொண்டிருந்தபோது வில்சன் நின்றான். அஜின் கத்தாரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நீண்ட லீவு என்றுதான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

லீவு கிடையாது என்று வில்சன் சொன்னான். அங்கே மகனுக்கு மனசு சரியில்லாமல் போயிருக்கிறது. வேலைக்குப் போக முடியவில்லை, தூங்க முடியவில்லை, ஆட்களைப் பார்த்தால் மூச்சு முட்டியிருக்கிறது. கூட வேலை செய்த பையன்கள் டிக்கெட் போட்டு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். வந்ததிலிருந்து டாக்டரிடம் போவதைத் தவிர அறையை விட்டு வெளியே வரவில்லை. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் பார்க்கிறார். இது வியாதிதான், மருந்துக்குக் கேட்கும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மாத்திரை கேட்கவும் தொடங்கியிருந்தது. போன வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் முற்றத்துக்கு வந்து பலா மரத்தடியில் நின்றானாம். அதைச் சொல்லும்போது வில்சனின் முகம் பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கினவன் முகம் போல இருந்தது.

"நீ ஜெபிக்கணும் ஞானம். உனக்க ஜெபம் கேக்கப்படும். ஆனா ஆருக்கும் தெரியப்பிடாது, கேட்டியா" என்றான்.

நான் அவன் தோளைப் பிடித்துச் சத்தியம் செய்கிற மாதிரி தலையை ஆட்டினேன். மறுநாள் சாயங்காலம், ஒரு மதிலும் ஒரு பலா மரமும் மட்டும் இடையில் இருக்கிற பக்கத்து வீட்டில், இருபது பேர் நடுவில் எழுந்து நின்று, கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில், கர்த்தாவே உம்முடைய அடியான் வில்சனின் குமாரன் அஜின், மனநோயினால் கட்டுண்டு எட்டு மாதமாக அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிற பிள்ளை என்று தொடங்கி, அந்த டாக்டரின் பெயர் வரைக்கும் சொன்னேன்.

இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு என்னைப் பைத்தியக்காரன் என்றுதான் தோன்றும். எங்கள் சபைக்காரர்களுக்கு விஷயம் உடனே புரியும். எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் ரகசியமாகச் சொன்னதைச் சந்தியில் நின்று சொன்னால் அது கோள். அதையே கண்ணை மூடிக் கர்த்தரிடம் சொன்னால் கோள் ஆகாது. சுற்றி இருக்கிறவர்கள் காதில் விழுந்தால் அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? ஜெபத்தில் சொன்னால் சொன்னதாகாது. எத்தனை பேர் வீட்டுக் கதை எங்கள் தெருவில் இப்படி ஆமென் போட்டுக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறது.

கொஞ்சம் பெருமையும் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்கிற பெருமை. அதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

கேட்டுத்தான் எழுதுகிறேன்

செய்த தப்பையே மறுபடி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த அத்தியாயத்தை எழுதும் முன்னால் அஜினிடம் கேட்டேன். பெயரை மாற்றிவிடட்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம் மாமா, பெயர் இருக்கட்டும், ஆனால் எழுதினதை முதலில் எனக்குக் காட்டுங்கள் என்றான். காட்டினேன். இரண்டு இடத்தில் கோடு போட்டு அடித்தான். அந்த இரண்டும் இங்கே இல்லை.

இப்போது தக்கலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான். மாத்திரை இன்னும் உண்டு. சில வாரங்கள் கனமாகத்தான் போகும் என்று அவனே சொல்வான். ஆனால் சிரிக்கிறான், என்னைக் கேலி செய்கிறான். இதை எழுதும்போது எனக்கு மனசு நிறைவாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

படியில் கிடந்த செருப்புகள்

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாலைந்து நாள் வில்சன் வீட்டுப் படியில் செருப்பு குறையவே இல்லை. ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள், ஜெப எண்ணெய்க் குப்பியோடு வந்தார்கள். உபவாசக் கூட்டம் போடலாம் என்றார்கள். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஓர் ஊழியக்காரர் போன் செய்து, இது அசுத்த ஆவியின் கட்டு, நான் வந்து அறுக்கிறேன் என்றாராம். எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அஜின் கதவைத் தாழிட்டுக்கொண்டான். அந்த வெள்ளிக்கிழமை மழை விட்டதும் அவனாகவே ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக. அதன் வழியாகத்தான் என் குரல் போயிருக்கிறது. மாத்திரை வேண்டாமென்று சொல்லிவிட்டான். கதவுக்கு வெளியே வைத்த சோற்றை அநேகமாக அப்படியேதான் திரும்ப எடுத்தார்கள். ராஜம் மைனி இதையெல்லாம் லீலாவிடம் சொல்லி அழுதிருக்கிறார். மாத்திரை நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதைவிட மோசமாகவும் ஆகலாம் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார்.

வில்சன் சனிக்கிழமை காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டான். நான் முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி ஆறியிருப்பேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

"இனி எனக்க வீட்டுப் பேர நீ வாயில எடுக்காண்டாம். ஜெபத்திலயும் எடுக்காண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

தொண்டை கட்டிய மூன்று வாரம்

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி ஜெபத்துக்குத் தலைகள் திரும்பியபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினேன். அதற்கடுத்த வாரமும் தொண்டை கட்டியிருந்தது. லீலா தினமும் இரண்டு வேளை சுக்குக் காப்பி போட்டுத் தந்தாள். மூன்றாவது வாரம் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, தொண்டை கட்டினதற்குத்தான் சுக்கு, வெட்கத்துக்கு எங்கள் ஊரில் மருந்து கிடையாது என்றாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

உண்மையில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் அந்த ஜன்னல் சத்தம்தான் கேட்டது. வேறு வழியில்லாமல் நான்கு சுவிசேஷங்களையும் எடுத்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். பஸ்ஸிலேயே போய்ப் பழகின ரோட்டில் நடந்து போனால் இத்தனை நாள் கண்ணில் படாத வீடுகளெல்லாம் தெரியுமல்லவா, அந்த வாசிப்பு அப்படி இருந்தது.

ஒரு குஷ்டரோகியைக் குணமாக்கிவிட்டு, இதை யாரிடமும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லி இயேசு அனுப்புகிறார். அவன் போய் ஊரெல்லாம் சொல்கிறான். எவ்வளவு நல்ல சாட்சி என்று நானே இதைப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதற்கடுத்த வரியை நான் நிதானித்து வாசித்ததில்லை. அவன் சொல்லிக்கொண்டு திரிந்ததால் இயேசுவால் வெளிப்படையாக ஊருக்குள் வர முடியாமல் போய்விட்டது. சொல்லாதே என்று சொல்லியும் சொன்னவர்களின் கூட்டத்தில் நானும் ஒருவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோவிலில் ஜெபிக்கப் போன இரண்டு பேர் கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் பெருமைக்காரன், இன்னொருவன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டவன். நான் எப்போதும் இரண்டாவது ஆளாகவே என்னை நினைத்துக்கொள்வேன். இந்தத் தடவை பார்த்தால், பெருமைக்காரன் தன் ஜெபத்துக்குள் பக்கத்தில் நிற்கிற ஆளையும் இழுத்துப் போட்டிருக்கிறான். அடுத்தவனைச் சுட்டிக் காட்டுகிற அந்த ஜெபம் என் குரலில்தான் எனக்குக் கேட்டது.

என்னை அதிகம் உலுக்கியது அந்த நாலு பேர். நடக்க முடியாத ஒருவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து, கூட்டத்தில் வழி கிடைக்காமல் வீட்டுக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அவர்கள். அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு அவனைத் தேற்றுகிறார். சண்டே ஸ்கூலில் இதைச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். அந்த நாலு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவனுக்கு என்ன வியாதி, எத்தனை வருஷம் என்று ஒன்றும் சொல்லவில்லை. தூக்கினார்கள், இறக்கினார்கள், அவ்வளவுதான். மேலே கூரை ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். பேசாமல் இருப்பதிலும் விசுவாசம் உண்டு என்பது என் புத்திக்கு எட்ட அறுபத்து நாலு வயது ஆகியிருக்கிறது.

வரிசையிலிருந்து விலகினேன்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, போதகர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிற நாள். வில்சன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மூன்று வாரமாகவே வருவதில்லை. அவர்கள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள்.

ஆண்கள் வரிசையில் நான் நகர்ந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஐந்து பேர். பீடத்தில் வெள்ளைத் துணி, அப்பத் தட்டு, போதகரின் கை, அதன் கீழே அப்பத்துக்காக ஏந்தி நிற்கிற இரண்டு கைகள் எல்லாம் தெரிந்தது. காணிக்கை கொண்டுபோகிறபோது உன்மேல் ஒருவனுக்கு மனத்தாங்கல் உண்டென்று ஞாபகம் வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்று சொல்லியிருக்கிறது. எனக்கு ஞாபகம் வர வேண்டிய அவசியமே இல்லை. மூன்று வாரமாக வேறு ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

முன்னால் மூன்று பேர் ஆனபோது வரிசையை விட்டு விலகி வாசலைப் பார்த்து நடந்தேன். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. எனக்கு வயிறு சரியில்லை என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். உபதேசியார் பரிவோடு பின்பக்கக் கழிவறை இருக்கும் திசையைக் கைகாட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து லீலா மட்டும் தலையை ஒரு முறை அசைத்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். வில்சன் வீடு பத்து நிமிஷ நடை. வழியில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன. அவ்வளவு நன்றாக வந்ததால் ஒன்றையும் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தேன்.

அந்தக் கதவு

வில்சன் முன்னறையில் பேப்பரை விரித்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். ராஜம் மைனி அடுக்களை வாசலில் வந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. போய்விடு என்றும் சொல்லவில்லை.

"வில்சா, நான் செய்தது தப்பு. ஜெபம்னு சொல்லி உனக்க வீட்ட நான் தெருவில கொண்டு வச்சேன்" என்றேன். ஒத்திகை பார்த்ததில் ஒன்றையும் சேர்க்கவில்லை.

பேப்பர் இறங்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்துதான் பதில் வந்தது.

"எங்கிட்ட எதுக்கு சொல்லுக? அவனுக்க பேரத்தானே சொன்ன. அவங்கிட்ட போய்ச் சொல்லு."

உள் அறைக் கதவு முன்னால் போய் நின்றேன். கதவுக்கு வெளியே தரையில் காலைச் சாப்பாடு மூடி வைத்தபடி இருந்தது. அந்தக் கதவைப் பார்த்துத்தான் பேசினேன். மக்கா, ஞானம் மாமாதான், உங்கள் அப்பா என்னை நம்பிச் சொன்னதை நான் ஊருக்குச் சொல்லிவிட்டேன், எனக்குப் பெருமை இருந்தது, மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டாலும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதே என்று சொன்னேன். உள்ளே ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது.

அப்படியே திரும்பியிருப்பேன். வாசித்ததில் ஒன்று அப்போது மனதில் வந்தது. வழியோரத்தில் உட்கார்ந்திருந்த குருடன் ஒருவன் கூப்பிடுகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு அவனைக் கூப்பிட்டு, நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். நாங்கள் இருபது பேர் ஜெபித்தோம். படியேறி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் இவனிடம் கேட்கவில்லை.

"உனக்கு என்ன வேணும் மக்கா?" என்று கேட்டேன்.

நான் அசையாமல் நின்றேன். பிறகு கதவுக்கு மிகவும் பக்கத்திலிருந்து குரல் வந்தது. இத்தனை நேரமும் அவன் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறான்.

"அப்பா தெனமும் இந்தக் கதவுக்கு வெளிய நின்னு அழுது ஜெபிக்காரு மாமா. அதக் கேக்கும்போ நான் செத்துப் போயிட்டேன்னு தோணுது. அப்பாவ உள்ள வந்து இரிக்கச் சொல்லுங்க. ஒண்ணும் பேசாண்டாம்."

வில்சன் அவ்வளவு மெதுவாக ஜெபிக்கிற ஆள். அவன் வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கியதே இந்தக் கதவு முன்னால்தான் போலிருக்கிறது. என்னைப் பார்த்துப் பழகிய ஜெபமாகத்தான் அது இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

பிடிக்கப்படுவதற்கு முன்னால் தோட்டத்தில் இயேசு துக்கத்தோடு இருந்தபோது சீஷர்களிடம் முதலில் ஒன்றுதான் கேட்டார். என்னோடு விழித்திருங்கள் என்றார். எனக்காக வாய்விட்டு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு அதுவும் முடியவில்லை.

தாழ் விலகியது. வில்சன் எழுந்து வந்துவிட்டிருந்தான். பேப்பர் அவன் கையிலேயே இருந்தது. அதை என்னிடம் தந்துவிட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனான். நான் பேப்பரை மடித்து நாற்காலியில் வைத்தேன். மைனியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வாசலுக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தேன்.

"ஏலே ஞானம். நீயும் வா" என்று உள்ளிருந்து வில்சன் கூப்பிட்டான்.

போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஜன்னல் சாத்தியே இருந்தது. அஜின் சுவரில் சாய்ந்திருந்தான். தாடி வளர்ந்து, மெலிந்து போயிருந்தான். வில்சன் அவன் பக்கத்தில் தோள் தொடும்படி இருந்தான். என் வாய் நாலைந்து தடவை திறக்கப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டேன். ஒரு ரயில் போனது. சர்ச்சில் கடைசி மணி அடித்து, ஆட்கள் பேசிக்கொண்டு தெருவில் திரும்பிப் போவது கேட்டது. கால் மரத்துப் போனது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் கேட்ட எந்த ஆராதனையிலும் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

மைனி எதுவும் கேட்காமல் ஒரு தட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கிண்ணத்தில் சாளை மீன் கறியும் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனார். வில்சன் மகனைப் பார்த்தான், கை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை. கிழங்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அஜின் ஒரு துண்டை எடுத்தான். சூடு பொறுக்காமல் கை மாற்றினான். அதைப் பிட்டுப் பாதியை அப்பாவிடம் கொடுத்தான். மீதியை இன்னும் ஒரு முறை பிட்டு எனக்கு நீட்டினான்.

நான் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினேன்.